பாகுப் பதமும் வால்நட்சத்திரப் பாதையும்

பாகு வைக்கத் தெரிந்தவருக்கு, வால்நட்சத்திரத்தின் பாதையை எப்படிக் கணிக்கிறார்கள் என்பதில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதி கணக்கு. அதையும் அடுப்படியில் நின்றபடியே எட்டிப் பார்த்துவிடலாம்.

புதுச்சேரிப் பக்கத்து நோணாங்குப்பத்தில் தீபாவளிக்கு முன்னால் எங்கள் அத்தை அதிரசத்துக்குப் பாகு வைப்பதைச் சொல்கிறேன். உருளியில் உடைத்த வெல்லம், அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். கரைந்ததும் கல், மண் போக வடிகட்டி மறுபடி அடுப்பில் ஏற்றுவார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் இருக்கும். கொதி வந்து கொஞ்ச நேரம் கழித்துக் கரண்டி நுனியால் ஒரு சொட்டு எடுத்து அந்தத் தண்ணீரில் விடுவார். கரைந்துபோனால் ஒன்றும் சொல்லமாட்டார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. இது கரையாமல் அடியில் பிசுபிசுவென்று கிடக்கும். மூன்றாவது சொட்டை விரலால் கூட்டிப் பார்ப்பார். திரளும், ஆனால் உருண்டையாக நிற்காது. "இன்னும் ரெண்டு கொதிதாம்மா, மாவை எடுத்து வை" என்பார். அதே போல இரண்டு கொதியில் பதம் வந்துவிடும்.

வெப்பமானி கிடையாது. பாகின் சூடு எத்தனை டிகிரி என்று அவருக்குத் தெரியாது. எந்த நேரத்தில் விட்ட சொட்டு தண்ணீரில் எப்படி இருந்தது என்பது ஒன்றுதான் கையிலுள்ள தகவல். கூடவே, தன் அடுப்பு எப்படி எரியும் என்பது நன்றாகத் தெரியும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு இன்னும் வராத ஒரு நிலையை நேரத்தோடு சொல்லிவிடுகிறார்.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் போதும். பாகுக்குப் போதாது. ஒரு சொட்டு, பாகு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் காட்டும். எவ்வளவு வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது என்று அதில் தெரியாது. இரண்டாவது சொட்டில் வேகம் தெரியும். அந்த வேகம் கூடுகிறதா குறைகிறதா என்று தெரிய மூன்றாவது வேண்டும். அதுவும் மூன்றையும் ஒரே மூச்சில் விட்டால் பயனில்லை, நடுவில் பாகு மாற நேரம் கொடுக்க வேண்டும்.

வானத்திலும் இதேதான். தொலைநோக்கியில் புதிதாக ஒரு மங்கலான திட்டு தெரிகிறது. அது எந்தத் திசையில் இருக்கிறது என்று அளக்கலாம். எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நேரடியாக அளக்க வழியில்லை. பாகின் சூட்டைப் போல அந்தத் தூரத்தைச் சொட்டுகளிலிருந்து ஊகித்துத்தான் எடுக்க வேண்டும். அடுப்பின் இடத்தில் இருப்பது சூரியனின் ஈர்ப்பு. தூரம் இரண்டு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒன்றாகும் என்ற நியூட்டனின் விதி எந்த வால்நட்சத்திரத்துக்கும் மாறுவதில்லை. அடுப்பு தெரிந்ததால்தான் சொட்டுகளுக்கு அர்த்தம் வருகிறது.

ஒரு பாதையை முழுதாகச் சொல்ல ஆறு எண்கள் வேண்டும். சூரியனை அது மிக நெருங்கும் தூரம் ஒன்று. நெருங்கும் நாளும் நேரமும் இன்னொன்று. பாதை வட்டமா, நீள்வட்டமா, திரும்பிவராத திறந்த வளைவா என்பதைச் சொல்லும் மையப்பிறழ்வு மூன்றாவது. மீதி மூன்றும் கோணங்கள்: பூமி சுற்றும் தளத்துக்கு அந்தப் பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எங்கே அந்தத் தளத்தை வெட்டுகிறது, தன் தளத்துக்குள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் நமக்குக் கிடைப்பது இரண்டு எண்கள்தான். வானத்தில் கிழக்கு மேற்காக எங்கே, வடக்கு தெற்காக எங்கே. ஆகவே மூன்று முறை பார்த்தால் ஆறு எண். தெரியாதவை ஆறு, தெரிந்தவை ஆறு, கணக்கு முடிகிறது. 1801இல் சீரீஸ் என்ற சிறுகோளை இத்தாலியில் 41 நாள் பார்த்துவிட்டுச் சூரிய வெளிச்சத்தில் தொலைத்தபோது, இருபத்து நாலு வயது கணித மேதை காஸ் மூன்று நிலைகளிலிருந்து அதன் பாதையைப் போட்டுக் காட்டினார். அவர் சொன்ன பகுதியில் அந்த ஆண்டு இறுதியிலேயே அது கிடைத்தது.

மூன்றாவது சொட்டு கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம். நமக்கு வடக்கே சென்னை நுங்கம்பாக்கத்தில் நடந்த கதை இருக்கிறது.

பியேலா என்றொரு வால்நட்சத்திரம் ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோய்க்கொண்டிருந்தது. 1846இல் வந்தபோது இரண்டாக உடைந்திருந்தது. 1852இல் இரண்டு துண்டுகளும் சேர்ந்து வந்தன. அதன்பிறகு யாரும் பார்க்கவில்லை. 1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பாவில் எரிகற்கள் மழையாகக் கொட்டின. எல்லாம் ஆண்ட்ரோமீடா விண்மீன் குழுவிலிருந்து வருவதாகத் தெரிந்தது. அது பியேலா போன வழி. கட்டிங்கனில் இருந்த கிளிங்கர்ஃப்யூஸ் என்ற வானியலாளர் ஒரு கணக்குப் போட்டார். தூசு அந்தப் பக்கமிருந்து வந்து பூமியைக் கடந்துபோயிருந்தால், வால்நட்சத்திரமும் நேர் எதிர்ப்பக்கத்தில் வெளியேறிக்கொண்டிருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் என்றால் சென்டாரஸ் குழுவின் தீட்டா நட்சத்திரத்தின் பக்கம். அது தெற்கு வானம், ஐரோப்பாவிலிருந்து பார்க்க வசதிப்படாது. ஆகவே மதராஸ் வானாய்வகத்துக்குத் தந்தி அடித்தார்: பியேலா 27ஆம் தேதி பூமியைத் தொட்டுப் போயிருக்கிறது, தீட்டா சென்டாரி பக்கம் தேடிப் பாருங்கள் என்று.

தந்தியைப் பெற்றவர் நார்மன் போக்சன். 1861 முதல் 1891இல் இறக்கும்வரை மதராஸ் வானாய்வகத்தை நடத்தியவர். தீட்டா சென்டாரி உதிக்கும் வேளைக்கு, விடியலுக்கு முன், தொலைநோக்கியடியில் போய் நின்றார். மேகமும் மழையும். மறுநாளும் அதே கதி. டிசம்பர் தொடக்கம் சென்னையில் எப்படி இருக்கும் என்று கிளிங்கர்ஃப்யூஸுக்கு யார் சொல்வது? வடகிழக்குப் பருவமழை தந்தியைப் படிப்பதில்லை. மூன்றாம் விடியலில் மேகத்தில் ஒரு நீலக் கீற்றளவு விலகியது. அந்த இடைவெளியில், வானம் வெளுக்கத் தொடங்கிய நேரத்தில், சொன்ன பக்கத்திலேயே வட்டமாக, நடுவில் பளிச்சென்று ஒரு வால்நட்சத்திரம் இருந்தது. சில நிமிடங்களுக்குள் பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிட்டு அளந்துகொண்டார். அடுத்த விடியலில் இன்னும் நன்றாகக் கிடைத்தது, மெல்லிய வால்கூடத் தெரிந்தது. அதற்கடுத்த நாள் மறுபடி மழை. அதன்பிறகு அந்தப் பொருளை உலகத்தில் யாரும் பார்க்கவில்லை.

இரண்டு சொட்டு, நான்கு எண். ஆறு தெரியாதவைகளுக்கு நான்கு போதாது. புது வால்நட்சத்திரத்துக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பெரும்பாலானவை மிக நீண்ட பாதையில் வருவதால் பாதை பரவளையம் என்று வைத்துக்கொண்டால் மையப்பிறழ்வு 1 ஆகிவிடும், தெரியாதவை ஐந்தாகக் குறையும். வெல்லம் வழக்கமான வெல்லம்தான் என்று நினைத்துக்கொண்டு பதம் சொல்வது போல. போக்சனுக்கு அதுவும் உதவவில்லை. ஐந்துக்கும் நான்கு குறைவுதானே.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த இரண்டு அளவுகளும் வீணாகவில்லை. பியேலாவின் பாதை முன்பே தெரியும். அந்தப் பாதையில் போகும் ஒரு பொருள் அந்த இரண்டு விடியல்களிலும் போக்சன் சொன்ன இடத்தில் இருந்திருக்க முடியுமா என்று பிற்பாடு சோதித்தார்கள். ஒத்துவரவில்லை. போக்சன் பார்த்தது வேறு ஏதோ வால்நட்சத்திரம். இது பியேலாவா என்ற கேள்விக்கு இரண்டு சொட்டு போதுமாயிருந்தது, இது எது என்ற கேள்விக்குத்தான் போதவில்லை. இன்றும் வால்நட்சத்திரப் பட்டியலில் அது எக்ஸ் என்ற எழுத்தோடு நிற்கிறது. பாதை கணிக்க முடியாதவைகளுக்கு இடும் அடையாளம் அது. தப்பான கணக்கைத் தந்தியடித்துச் சரியான இடத்தில் வேறொரு வால்நட்சத்திரத்தைப் பிடிக்க வைத்த அந்த ஜெர்மன்காரரின் அதிர்ஷ்டத்தை என்ன சொல்வது!

போக்சன் நின்ற வானாய்வகம் இப்போது இல்லை. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய அந்த இடத்தில், நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்துக்குள், பழைய கருவி ஒன்றைத் தாங்கிய கருங்கல் தூண் மட்டும் நிற்கிறது. அதன் கல்வெட்டு எழுத்துகளில் தமிழும் உண்டு.

எங்கள் பக்கத்துக்கும் இதில் கொஞ்சம் உரிமை இருக்கிறது. சியாமில் 1688இல் நடந்த கலவரத்துக்குப் பின் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த ஜெசூட் பாதிரியார் ழான் ரிஷோ, 1689 டிசம்பரில் இங்கிருந்து ஒரு வால்நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அதே பக்கத்திலிருந்த ஆல்ஃபா சென்டாரி ஒற்றை நட்சத்திரம் அல்ல, இரட்டை என்று கண்டுபிடித்தார். இரட்டை நட்சத்திர வரலாற்றில் அவர் பெயர் நிற்கிறது, வால்நட்சத்திர வரலாற்றில் அவ்வளவாக இல்லை. நோணாங்குப்பத்திலிருந்து அந்த நட்சத்திரம் தெற்கு அடிவானத்துக்கு மேலே சுமார் 17 பாகை வரைதான் ஏறும். தெற்கே மரமும் விளக்கும் மறைக்காத மணல்திட்டில் நின்றால் மே, ஜூன் மாலைகளில் எளிதாகப் பார்க்கலாம்.

எண்பது ஆண்டு கழித்து ல ழாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரியில் வந்து உட்கார்ந்தார். 1769 ஜூன் 4 காலையில் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க ஓராண்டுக்கு மேல் காத்திருந்து, அந்த நேரத்துக்கு மட்டும் மேகம் மூடி ஏமாந்தவர் என்று எல்லாரும் அவரைச் சொல்வார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. இங்கே ஒரு தமிழரிடம் கிரகணக் கணக்குக் கற்றுக்கொண்டார். அந்தத் தமிழர் தரையில் சோழிகளை நகர்த்தி, வாய்ப்பாடுகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே கணித்த 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நேர அளவு 41 வினாடிதான் பிசகியது என்று ல ழாந்தி குறித்திருக்கிறார். அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணை 68 வினாடி பிசகியது. நிலவின் கணக்குக்குப் பல நூற்றாண்டுச் சொட்டுகள் சேர்ந்திருந்தன, அதனால் முடிந்தது. புதிதாக வரும் வால்நட்சத்திரத்துக்கு அப்படி எந்தச் சேமிப்பும் இல்லை. பஞ்சாங்கம் எழுதும் கைக்கும் அது அந்நியம்தான். ஒவ்வொரு முறையும் வெறும் கிண்ணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இன்று சொட்டு விடுவது எப்படி என்று கிட்டப்போய்ப் பார்ப்போம்.

தொலைநோக்கியில் கேமரா. ஒரு படம் எடுத்தால் வால்நட்சத்திரத்தோடு நூற்றுக்கணக்கான நட்சத்திரங்களும் விழும். அந்த நட்சத்திரங்களின் துல்லியமான இடங்கள் ஐரோப்பாவின் கையா விண்கலம் தந்த பட்டியலில் இருக்கின்றன. அதில் ஏறக்குறைய 180 கோடி நட்சத்திரங்கள். மென்பொருள் படத்தையும் பட்டியலையும் பொருத்தி, நடுவில் கிடக்கும் திட்டின் இடத்தைச் சொல்லும். பாகை, கலை, விகலை என்று பஞ்சாங்கத்தில் வரும் அதே அளவுகள்தான்: 60 விகலை ஒரு கலை, 60 கலை ஒரு பாகை. முழுநிலவின் அகலம் சுமார் 1,800 விகலை. ஒரு நல்ல அளவீடு ஒரு விகலைக்குள் பிழை வைத்திருக்கும். அதுவும் சின்னதல்ல. பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு வானியல் அலகு, சுமார் 15 கோடி கிலோமீட்டர். ஐந்து அலகு தூரத்தில் போகும் வால்நட்சத்திரத்துக்கு ஒரு விகலைப் பிழை என்றால் 3,600 கிலோமீட்டர் பிழை.

நட்சத்திரத்தை அளப்பதைவிட வால்நட்சத்திரத்தை அளப்பது தொல்லை. நட்சத்திரம் ஒரு புள்ளி. இதுவோ ஓரம் தெரியாத புகைத்திட்டு. உண்மையில் பாதையில் போவது நடுவில் மறைந்திருக்கும் சில கிலோமீட்டர் அளவுள்ள பனிக்கட்டிக் கரு. நாம் பார்ப்பது அதைச் சுற்றிப் பல்லாயிரம் கிலோமீட்டர் பரவிய வாயுவும் தூசும். பாகில் நுரை எழும்பி உருளி நிறைந்தாற்போலத் தெரியும், கரண்டியால் விலக்கிப் பார்த்தால் பாகு அடியில் கொஞ்சம்தான் இருக்கும். பதம் பாகில் பார்க்க வேண்டும், நுரையில் பார்த்தால் தப்பாகும். வால் ஒரு பக்கமாக இருப்பதால் திட்டின் நடுவைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் அந்தப் பக்கம் சற்று இழுபட்டுவிடும். அனுபவமுள்ளவர்கள் உள்ளே இருக்கும் பிரகாசமான சிறு பகுதியை மட்டும் எடுத்து அளப்பார்கள்.

அளந்ததை ஒரே வரியில் எழுதி, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருக்கும் சிறுகோள் மையத்துக்கு அனுப்புவார்கள். பல பத்தாண்டுகளாகப் புழங்கும் வடிவத்தில் அந்த வரிக்கு 80 எழுத்து இடம். முதலில் பொருளின் பெயர்க்குறி, பிறகு தேதி, இரண்டு கோணங்கள், பொலிவு, கடைசியில் ஆய்வகத்தின் மூன்றெழுத்துக் குறி. இதில் எனக்குப் பிடித்தது தேதி எழுதும் முறை. மணி, நிமிடம் இல்லை. நாளைத் தசமத்தில் எழுதுகிறார்கள். ஐந்தாவது தசம இடம் ஒரு வினாடிக்குச் சற்றுக் குறைவு. சொட்டு விட்ட நேரம் தெரியாவிட்டால் சொட்டு வெறும் தண்ணீர்தான். கணினியின் கடிகாரம் ஒரு நிமிடம் பிந்தியிருந்தாலே நல்ல படமும் கெட்ட தகவலாகிவிடும்.

மூன்று அளவு வந்ததும் ஒரு பாதை போடுகிறார்கள். அது முதல் மதிப்பீடு, அவ்வளவுதான். நான்காவது, பத்தாவது, நூறாவது அளவு வரும்போது, போட்ட பாதை சொன்ன இடத்துக்கும் கண்ட இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்துப் பார்க்கிறார்கள். எல்லா வித்தியாசங்களும் மொத்தத்தில் மிகச் சிறிதாகும்படி ஆறு எண்களையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துகிறார்கள். அளவுகள் எத்தனை என்பதைவிட முதலுக்கும் கடைசிக்கும் எத்தனை நாள் இடைவெளி என்பதுதான் முக்கியம். ஒரே இரவில் எடுத்த ஐம்பது அளவைவிட, மூன்று மாத இடைவெளியில் எடுத்த ஐந்து அளவு மேல்.

அதனால்தான் புதிதாக ஒன்று கிடைத்ததும் எல்லாரும் பழைய படங்களைப் புரட்டுகிறார்கள். 2025 ஜூலை 1 அன்று சிலியிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி கண்டுபிடித்த பொருள், ஜூன் மாதத்துப் படங்களிலேயே யாரும் கவனிக்காமல் கிடந்தது தெரிந்தது. அந்தப் பழைய சொட்டுகள் சேர்ந்ததும் ஓரிரு நாளில் மையப்பிறழ்வு 6 அளவில் நின்றது. 1ஐத் தாண்டினால் சூரியனால் பிடித்துவைக்க முடியாத திறந்த பாதை. 6 என்பது எங்கேயோ வேறொரு நட்சத்திரத்தின் பக்கமிருந்து வந்து போகிறது என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. வேறு நட்சத்திர மண்டலத்திலிருந்து வந்ததாக நாம் அறிந்த மூன்றாவது பொருள் அது, பெயர் 3ஐ/அட்லஸ்.

ஈர்ப்பு மட்டும் இருந்தால் இத்தோடு கணக்கு முடிந்திருக்கும். வழியில் வியாழனும் சனியும் இழுக்கின்றன. அதைக் கணக்கில் சேர்க்கலாம், சேர்க்கிறார்கள். தொல்லை தருவது வால்நட்சத்திரமே. வெயில் பட்ட பக்கம் பனி ஆவியாகிப் பீய்ச்சும்போது அது எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. என்கே வால்நட்சத்திரம் 3.3 ஆண்டுக்கு ஒருமுறை வரும், ஒவ்வொரு முறையும் கணக்கைவிட இரண்டரை மணி நேரம் முன்னதாகவே வந்தது. ஹாலியோ நேர்மாறாக, ஈர்ப்புக் கணக்கைவிட நான்கு நாள் தாமதமாக வரும். ஏன் என்று 1950இல் ஃப்ரெட் விப்பிள் சொன்ன விளக்கம்தான் இந்தப் பீய்ச்சல். கொதிக்கும் பாகு தெறிப்பதால் உருளி அசையாது என்பது உண்மைதான், ஆனால் உருளி வெற்றிடத்தில் மிதந்தால் அசையும்.

இவ்வளவு சிக்கல் இருந்தும் பாதையை நம்பலாம். சில மாதம் பார்த்த வால்நட்சத்திரம் அடுத்த மாதம் எந்த நட்சத்திரத்தருகே நிற்கும் என்று கேட்டால் கைத்தொலைநோக்கியை நேராக அங்கே திருப்பலாம். எவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்று கேட்டால் கதை மாறிவிடும்.

வெளிச்சத்தை அளக்கும் அளவுகோலே போக்சன் கொடுத்தது. மதராஸுக்கு வருவதற்கு முன், 1856இல். பழங்காலத்திலிருந்தே வெறுங்கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களைப் பளிச்சென்றவை முதல் வகுப்பு, மங்கியவை ஆறாம் வகுப்பு என்று பிரித்து வந்தார்கள். ஐந்து வகுப்பு வித்தியாசம் சரியாக நூறு மடங்கு வெளிச்சம் என்று போக்சன் வரையறுத்தார். அப்படியானால் ஒரு வகுப்புக்கு 2.512 மடங்கு. இதுதான் பொலிவெண். எண் கூடினால் மங்கல், குறைந்தால் பிரகாசம். அவரிடம் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ரெட்டிகுலம் குழுவில் வெளிச்சம் மாறும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் அதெல்லாம் நடந்தது.

வால்நட்சத்திரத்துக்கு இந்த ஒப்பீடு அவ்வளவு நேராக வராது. ஒரு புள்ளியோடு ஒரு பரந்த திட்டை எப்படி ஒப்பிடுவது? கண்ணால் பார்ப்பவர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். கைத்தொலைநோக்கியின் திருகைத் திருப்பி, பொலிவெண் தெரிந்த நட்சத்திரத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, வால்நட்சத்திரத் திட்டின் அகலத்துக்கு விரியவிடுவார்கள். இரண்டும் ஒரே அகலமானதும் எது கூடுதல் வெளிச்சம் என்று பார்ப்பார்கள். கொஞ்சம் மேலான ஒரு நட்சத்திரமும் கொஞ்சம் கீழான ஒரு நட்சத்திரமும் கிடைத்தால் நடுவில் எங்கே என்று மதிப்பிடலாம். கேமரா வந்த பிறகும் இந்த முறை ஒழியவில்லை. கேமராவில் சின்ன வட்டம் போட்டு அளந்தால் ஓரத்து வெளிச்சம் விடுபட்டுப்போகும்.

இனி முன்கணிப்பு. ஒரு கல்லாக இருந்தால் எளிது. நம்மிடமிருந்து தூரம் பாதியானால் நான்கு மடங்கு வெளிச்சம், சூரியனிடமிருந்து தூரம் பாதியானாலும் நான்கு மடங்கு. வால்நட்சத்திரம் கல் அல்ல. சூரியனை நெருங்க நெருங்க அதன் மேல் விழும் வெளிச்சமும் கூடும், அது வெளிவிடும் தூசும் வாயுவும் கூடும். ஆகவே வழக்கமாக, சூரிய தூரம் பாதியானால் 16 மடங்கு என்று வைத்துக்கொள்கிறார்கள். தூரத்தின் நான்காம் படி. இந்த நான்கு என்பது விதி அல்ல, சராசரி. சிலது இரண்டில் நிற்கும், சிலது ஆறைத் தொடும்.

வித்தியாசம் எவ்வளவு என்று போட்டுப் பார்ப்போம். சூரியனிலிருந்து 4 அலகிலும் நம்மிடமிருந்து 3 அலகிலும் இருக்கும்போது பொலிவெண் 14 என்று ஒரு வால்நட்சத்திரம் கிடைக்கிறது. சூரியனிலிருந்து 1 அலகும் நம்மிடமிருந்து 1 அலகுமாக வந்து சேரும்போது எப்படித் தெரியும்? படி நான்கு என்றால் 2,304 மடங்கு கூடி 5.6 ஆகும். நல்ல இருட்டில் கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்குத் தட்டுப்படலாம். படி இரண்டு என்றால் 8.6, கைத்தொலைநோக்கி இல்லாமல் ஒன்றும் தெரியாது. படி ஆறு என்றால் 2.6, எங்கள் ஊர்ச் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறைக்கு வருபவர்கள்கூட நிமிர்ந்து பார்த்துக் கேட்பார்கள். பாதை மூன்றுக்கும் ஒன்றுதான். தொலைவில் இருக்கும்போது இந்தப் படி என்ன என்று யாருக்கும் தெரியாது.

காரணம் வெல்லம். அடுப்பையும் சொட்டையும் வைத்துப் பதம் சொன்ன அத்தை, எவ்வளவு நுரைக்கும் என்று மட்டும் சொல்லமாட்டார். "வெல்லத்தைப் பொறுத்தது" என்பார். புது வெல்லம் ஈரத்தோடு இருந்தால் முதல் கொதியிலேயே பொங்கும், பிறகு அடங்கிவிடும். மண் கலந்தது வேறு மாதிரி. சூரியக் குடும்பத்தின் கடைக்கோடியான ஊர்ட் மேகத்திலிருந்து முதல்முறையாக வரும் வால்நட்சத்திரம் புது வெல்லம். தண்ணீர்ப் பனி நன்றாக ஆவியாகத் தொடங்குவது சூரியனிலிருந்து சுமார் 3 அலகுக்குள் வந்த பிறகு. ஆனால் புதிதாக வருவதன் மேற்பரப்பில் உறைந்த கார்பன் மோனாக்சைடு போன்றவை இருக்கும், அவை மிகத் தொலைவிலேயே கிளம்பிவிடும். தூரத்தில் அபாரமாகப் பொங்குவதைப் பார்த்து, கிட்டே வந்தால் எப்படி இருக்கும் என்று மயங்கிவிடுகிறோம். 1973 மார்ச்சில் நாலே முக்கால் அலகுக்கு அப்பால் கண்டுபிடித்த கோஹூடெக் அப்படித்தான் ஏமாற்றியது. நூற்றாண்டின் வால்நட்சத்திரம் என்று பத்திரிகைகள் எழுதின. சூரியனை ஒட்டிப் போனபோது ஸ்கைலாப் விண்வெளி வீரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. 1974 ஜனவரியில் மொட்டைமாடிக்குப் போனவர்களுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. 2007 அக்டோபரில் ஹோம்ஸ் என்ற சாதாரண வால்நட்சத்திரம் சூரியனைச் சுற்றிவிட்டு ஐந்து மாதமாக விலகிப் போய்க்கொண்டிருந்தது. பொலிவெண் 17. இரண்டு நாளுக்குள் 2.8 ஆனது. ஏறக்குறைய ஐந்து லட்சம் மடங்கு. அது தன் பாதையிலேயே போய்க்கொண்டிருந்தது, வெளிச்சம் மட்டும் வெடித்தது.

2024இல் வந்த சூசின்ஷான்-அட்லஸ் கதை பலருக்கு நினைவிருக்கும். 2023 ஜனவரியில் சீனாவிலும் பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலும் கண்டுபிடித்தது. 2024 ஜூலையில், இது சூரியனை நெருங்குமுன்பே சிதறிவிடும் என்று அனுபவமிக்க ஒரு வானியலாளர் எழுதினார். செப்டம்பர் 27 அன்று 0.39 அலகில் சூரியனைச் சுற்றியது, சிதறவில்லை. அந்தச் செப்டம்பர் கடைசி விடியல்களில் கிழக்கே கடலுக்கு மேலே பார்க்க வாய்ப்பு இருந்தது. அக்டோபர் நடுவில் மாலை வானத்துக்கு மாறி இன்னும் நன்றாகத் தெரிய வேண்டிய நேரத்தில், சென்னை, புதுச்சேரிக் கடற்கரை முழுவதும் பருவமழை இறங்கிவிட்டது. போக்சனுக்கு நடந்தது எங்களுக்கும் நடந்தது. ஒரே வித்தியாசம், இப்போது மூன்றாவது சொட்டை வேறு நாட்டில் யாராவது எடுத்துவிடுகிறார்கள்.

மிகத் தொலைவில் இருக்கும் ஒன்று இப்போதே கணக்கில் இருக்கிறது. பெர்னார்டினெல்லி-பெர்ன்ஸ்டைன் வால்நட்சத்திரத்தை 2014இல் எடுத்த படங்களில் கண்டெடுத்து 2021 ஜூனில் அறிவித்தார்கள். அந்தப் படங்களில் அது 29 அலகு தூரத்தில், நெப்டியூன் சுற்றும் தூரத்தின் அருகே இருந்தது. கருவின் குறுக்களவு சுமார் 120 கிலோமீட்டர், மற்ற வால்நட்சத்திரங்களுக்கு முன்னால் ராட்சதம். 2031 ஜனவரியில் சூரியனை 10.9 அலகில், சனிக்கோளின் பாதைக்குச் சற்று வெளியே சுற்றித் திரும்பும் என்பது சந்தேகமில்லாமல் தெரியும். அந்தத் தூரத்தில் தண்ணீர்ப் பனி ஆவியாகாது, எழும் நுரையெல்லாம் வேறு பனிகளால். ஆகவே அதன் பொலிவெண்ணை மாதாமாதம் அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த வேலையில் பெரிய தொலைநோக்கி இல்லாதவர்களுக்கு இன்னும் இடமிருப்பது வெளிச்சத்தை அளப்பதில்தான். அடுத்து ஒன்று பிரகாசமாக வரும்போது நோணாங்குப்பத்திலிருந்து கைத்தொலைநோக்கியில் பார்த்து மதிப்பிட நினைப்பவர்கள், நகரத்து வெளிச்சம் வடக்கே இருப்பதால் கிழக்கும் தெற்கும் தெரியும் மணல்பக்கம் போவது நல்லது. ஒப்பிட்ட நட்சத்திரங்கள் எவை, திட்டின் அகலம் சுமாராக எத்தனை கலை, கருவியின் லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர், அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் பார்த்தது என்று நான்கையும் குறிக்க வேண்டும். அடிவானத்தருகே காற்றும் கடல் ஈரமும் பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்பதால் கடைசியாகச் சொன்னது இல்லாமல் மதிப்பீட்டைத் திருத்த முடியாது. நேரத்தை நம் கைக்கடிகாரப்படி எழுதிவிட்டு, அனுப்பும் முன் ஐந்தரை மணி கழித்து உலகப் பொது நேரமாக்க வேண்டும். விடியற்காலை ஐந்தரைக்கு முன் பார்த்தது என்றால் கழிக்கும்போது தேதியும் ஒரு நாள் பின்னால் போகும். அதிகாலை நாலு மணிக்குப் பார்த்துவிட்டு அன்றைய தேதியையே போட்டு அனுப்பினால், வால்நட்சத்திரம் இன்றைக்கு இருந்த இடத்தில் நாளைக்கு இருப்பதாக ஆகிவிடும்.